மேற்கு ஆப்பிரிக்காவின் கல் இடிபாடுகள்: யார் கட்டினார்கள், எதற்காக, நமக்கு எப்படித் தெரியும்?

மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய கல் இடிபாடுகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு பரவிக் கிடக்கிறது. சகாராவுக்குத் தெற்கே மண்குடிசைகள்தான் இருந்தன, அங்கே கல்லில் ஏதாவது நின்றால் அது அரபிகளோ ஐரோப்பியரோ கட்டியதாகத்தான் இருக்கும் என்பது ஒன்று. கண்ணில் படும் ஒவ்வொரு கல்சுவரையும் ‘மறைக்கப்பட்ட தங்கப் பேரரசின் அரண்மனை’ ஆக்கிவிடும் காணொளிகள் இன்னொன்று. ஒன்று இழிவாகப் பேசுகிறது, மற்றது புகழ்ந்து பேசுகிறது. கல் இருந்தால்தான் நாகரிகம் என்ற தவறான அளவுகோல் இரண்டுக்கும் பொது.

அந்த அளவுகோலை ஒதுக்கி வைத்தால் இந்த இடிபாடுகள் சொல்லும் சங்கதி இன்னும் சுவையானது. பாலைவனம் எங்கே முடிகிறது, தங்கம் எங்கே கிடைக்கிறது, சரக்கு எங்கே கைமாறுகிறது என்பதையெல்லாம் அவை வரைபடம் போலக் காட்டுகின்றன.

## தொடங்கும் முன் இரண்டு குழப்பங்கள்

‘ஆப்பிரிக்கக் கல் நகரம்’ என்றதும் பலருக்கு நினைவு வருவது கிரேட் ஜிம்பாப்வே. அது தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் இருக்கிறது. நாம் பேசப்போகும் கும்பி சாலேயிலிருந்து அதற்கு 5,000 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். கட்டியவர்கள் வேறு, காலச்சூழல் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் பேசக் கூடாது.

அடுத்தது ‘கானா’. இடைக்கால கானா அரசு (அதன் மக்களான சோனின்கேக்களின் வாய்மொழி மரபில் வகாடு) இன்றைய மொரித்தானியாவின் தென்கிழக்கிலும் மாலியின் மேற்கிலும் இருந்தது. இன்றைய கானா நாடு அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே, கடற்கரையை ஒட்டி இருக்கிறது. ‘கோல்டு கோஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் குடியேற்றம் 1957-இல் விடுதலை பெற்றபோது பழைய அரசின் பெருமையை நினைத்து அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. இடத்தால் இரண்டும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையில் ‘கானா’ என்றால் பழைய அரசுதான்.

‘இடைக்காலம்’ என்று இங்கே சொல்வது ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டு முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை.

## எங்கே என்ன நிற்கிறது?

வடக்கிலிருந்து தெற்காக வருவோம்.

மொரித்தானியாவின் பாலைவனத்தில் வடான், சிங்கெத்தி, தீஷித், வலாத்தா என்ற நான்கு கல் ஊர்கள் இருக்கின்றன. வணிகக் கூட்டங்கள் தங்கிப்போன ஊர்கள். அவற்றில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். 1996-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வலாத்தாவின் கல் வீடுகளுக்கு மேல் மண் பூசி, கதவோரங்களில் கோலங்கள் வரைவது அங்குள்ள பெண்களின் கைவேலை.

அதற்குத் தெற்கே, மாலி எல்லைக்கு அருகில் கும்பி சாலே. கானா அரசின் தலைநகர் என்று பெரும்பாலானோர் கருதும் இடம் இது. 1914-இல் பொனெல் தெ மெசியேர் என்ற பிரெஞ்சுக்காரர் இதை வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார். 1949-இல் தொடங்கி 1980-களின் முற்பகுதி வரை விட்டு விட்டு அகழாய்வுகள் நடந்தன. மேல்பகுதி மட்டும் ஏறத்தாழ 700 மீட்டர் நீளம், 700 மீட்டர் அகலம். நடுவில் ஒரு பள்ளிவாசல்: கிழக்கு மேற்காக 46 மீட்டர், வடக்கு தெற்காக 23 மீட்டர். செழிப்பாக இருந்த நாளில் 15,000 முதல் 20,000 பேர் வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் ரேமோன் மோனி மதிப்பிட்டார்.

கிழக்கே மாலியின் பாலைவன ஓரத்தில் எஸ்-சூக் இருக்கிறது. அரபு நூல்கள் இதைத் தத்மக்கா என்று குறிக்கின்றன. அங்குள்ள பாறைகளில் ஒன்றில் ஹிஜ்ரி 404, அதாவது கி.பி. 1013-14 என்று தேதியிட்ட அரபு எழுத்து இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் தேதியோடு கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அது. நைஜர் ஆற்றங்கரையிலுள்ள கவோவில், 10-ஆம் நூற்றாண்டளவிலான பெரிய கல் கட்டடம் ஒன்றை மாலியின் தொல்லியலாளர் மமாடு சிஸ்ஸேயின் குழு வெளிக்கொணர்ந்தது.

மேற்கே காம்பியா ஆற்றை ஒட்டி, 350 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வட்டங்களும் பிற சின்னங்களும் பரவியிருக்கின்றன. இவை வீடுகளோ கோட்டைகளோ அல்ல, ஈமச் சின்னங்கள். ஒரு வட்டத்துக்குப் பெரும்பாலும் 8 முதல் 14 தூண்கள், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அளவில். எந்த வணிக நகரத்தோடும் நேரடித் தொடர்பில்லாத தனி மரபு இது. ஆகவே இந்தக் கட்டுரையில் கல்வேலை பற்றிய பகுதியில் மட்டும் இவற்றை மறுபடி பார்ப்போம்.

தெற்கே, காடும் புல்வெளியும் கலக்கும் இடத்தில், புர்கினா பாசோவின் லொரோபெனி. 105 மீட்டருக்கு 106 மீட்டர் என்ற அளவில் ஏறத்தாழச் சதுரமான மதிற்சுவர். சில இடங்களில் உயரம் 6 மீட்டர். லோபி வட்டாரத்தில் இதுபோன்ற பத்துக் கோட்டைகள் இருக்கின்றன. சிறிய அடைப்புகளையும் சேர்த்தால் நூறு வரை வரும். அவற்றில் நன்றாக நிற்பது இதுதான். 2009-இல் புர்கினா பாசோவின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இது பட்டியலேறியது.

## ஏன் அங்கே?

நம் ஊர்களில் மொத்த மண்டிகள் எங்கே அமைகின்றன என்று பாருங்கள். பொருள் விளையும் வயலிலும் இல்லை, அதை உண்பவர் வீட்டுப் பக்கத்திலும் இல்லை. பெரிய லாரியிலிருந்து சின்ன வண்டிக்குச் சரக்கு மாறும் இடத்தில் அமைகின்றன. வண்டி மாறும் இடத்தில் சரக்கு இறங்கும். இறங்கினால் கிடங்கு வேண்டும், எடை போட ஆள் வேண்டும், தங்க இடம் வேண்டும். வரி வாங்குபவரும் அங்கேதான் வந்து உட்காருவார்.

சகாராவின் தென் ஓரத்தில் நடந்ததும் இதே கணக்குதான். பாலையைக் கடக்க ஒட்டகத்தால் முடியும். தெற்கே மழை கூடும் நிலத்தில் செட்சி ஈ இருக்கிறது. அது பரப்பும் நோய் ஒட்டகத்தையும் குதிரையையும் கொல்லும். ஆகவே ஓர் எல்லைக்கு மேல் ஒட்டகத்தை ஓட்டிப்போக முடியாது. அங்கே சரக்கை இறக்கிக் கழுதை முதுகிலும், ஆற்றுப் படகிலும், மனிதத் தலையிலும் ஏற்ற வேண்டும். அந்த எல்லையோரத்தில்தான் கும்பி சாலே, வலாத்தா, தத்மக்கா, கவோ எல்லாம் வரிசையாக நிற்கின்றன.

வடக்கிலிருந்து வந்த முதன்மைச் சரக்கு உப்பு. வெயிலில் உழைக்கும் உடலுக்கும் கால்நடைக்கும் உப்பு கட்டாயம் வேண்டும். தெற்கின் உள்நிலத்தில் அது அரிது. சகாராவின் நடுவே தகாஸா என்ற இடத்தில் பாளம் பாளமாக வெட்டி எடுத்தார்கள். 1352-இல் அந்த வழியே போன மொராக்கோப் பயணி இப்னு பதூதா, அங்கே வீடுகளும் பள்ளிவாசலும்கூட உப்புப் பாளத்தால் கட்டி ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்தவை என்று எழுதுகிறார். உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். இந்த வணிகத்தின் பெருமையைச் சொல்லும்போது அந்த உண்மையையும் சொல்லியாக வேண்டும். பாலையைக் கடந்து வடக்கே போன ‘சரக்கில்’ மனிதர்களும் இருந்தார்கள்.

வடக்கு முனையான சிஜில்மாசாவிலிருந்து வலாத்தா வர இப்னு பதூதாவுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஓர் ஒட்டகச் சுமை உப்பு வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் தங்கத்துக்கு விற்றது என்கிறார் (மித்கால் என்பது சுமார் நாலேகால் கிராம் எடை). அதே சுமை அன்றைய மாலிப் பேரரசின் தலைநகருக்குப் போனால் 20 முதல் 30, சில வேளை 40 மித்கால். விலை இப்படி இரண்டு மூன்று மடங்காக ஏறுவதால்தான், வழியில் ஓர் ஊர் நின்று கல்வீடு கட்டும் அளவுக்குச் செல்வம் தேங்கியது.

தெற்கிலிருந்து வந்தது தங்கம். செனகல் ஆற்றின் மேற்பகுதியில் பம்புக், நைஜர் ஆற்றின் மேற்பகுதியில் பூரே, இன்னும் தெற்கே லோபி நிலமும் அக்கான் காடுகளும் தங்கம் தந்த பகுதிகள். ஆற்று மணலை அலசியும் குழி தோண்டியும் உள்ளூர் மக்கள் எடுத்தார்கள். கானா அரசர்கள் சுரங்கங்களுக்குச் சொந்தக்காரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் பிடியில் இருந்தது சரக்கு போகும் வழி. 1068-இல் ஸ்பெயினிலிருந்து எழுதிய அரபுப் புவியியலாளர் அல்-பக்ரி தரும் கணக்கு இது: நாட்டுக்குள் வரும் ஒரு கழுதைச் சுமை உப்புக்கு ஒரு பொன் தினார் வரி, அதே சுமை வெளியே போனால் இரண்டு தினார். தங்கக் கட்டிகள் அரசனுக்கு, தங்கத் தூள் மக்களுக்கு. கட்டியையும் சந்தையில் விட்டால் தங்கம் மலிந்து விலை விழும் என்பது இதற்கு அவர் சொல்லும் காரணம்.

தத்மக்காவில் 2005-இல் சாம் நிக்ஸன் நடத்திய அகழாய்வு இதற்கு நல்ல சான்று கொடுத்தது. நாணயம் வார்க்கும் களிமண் அச்சுகளும், அவற்றில் ஒட்டிய தங்கத் துளிகளும் கிடைத்தன. முத்திரை இல்லாத ‘மொட்டை’ தினார்கள் அங்கே புழங்கின என்று அல்-பக்ரி எழுதியது சரிதான் என்று தெரிந்தது. தங்கத்தைச் சுத்தப்படுத்திய முறையும் தெரியவந்தது. மணல் கலந்த தங்கத்தூளோடு உடைந்த கண்ணாடியைச் சேர்த்து உருக்கினார்கள். உருகிய கண்ணாடி மணலையும் பிற தாதுக்களையும் தனக்குள் கரைத்துக்கொள்ளும். தங்கம் அதில் கரையாது, தனியாகத் திரண்டு நிற்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒட்டகம் நிற்க வேண்டிய எல்லையில் சரக்கு கைமாறியது, கைமாறிய இடத்தில் செல்வம் தேங்கியது, அங்கே நிலையான ஊர்கள் எழுந்தன. கல்லில் கட்டியது ஏன் என்பது அடுத்த கேள்வி.

## கல்லும் மண்ணும்

கல்லில் கட்டியதற்கு முதல் காரணம் எளிமையானது: பக்கத்தில் கல் இருந்தது. கும்பி சாலேயில் கிடைத்தது ஷிஸ்ட், அதாவது அடுக்கடுக்காகப் பலகை போல உரியும் பாறை. உளி வைத்துச் செதுக்காமலேயே இரு பக்கமும் தட்டையான கல் கிடைக்கும். அதைப் படுக்கையாக அடுக்கி, இடையில் சேறு வைத்தார்கள். சுண்ணாம்புக் காரை இல்லை, மண் சேறுதான். இப்படிக் கட்டிய வீடுகளில் சில மாடி வீடுகளாக இருந்திருக்கின்றன என்பது விழுந்து கிடந்த கல்லின் அளவிலிருந்து தெரிகிறது.

அந்த வீடுகளின் அறைகள் நீளமாக இருக்கும், அகலம் மிகக் குறைவு. வறண்ட நிலத்தில் நெட்டை மரம் அரிது, அதனால் நீண்ட உத்தரமும் கிடைக்காது. சுவருக்குச் சுவர் எட்டும் கட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். நீளத்தை விருப்பம்போல் கூட்டலாம். அறையின் வடிவத்தைக் கூரைக் கட்டை தீர்மானித்தது.

தெற்கே வந்தால் கல் மாறுகிறது. லொரோபெனியிலும் காம்பியா கல்வட்டங்களிலும் இருப்பது செம்புரைக்கல். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் வெட்டுக்கல் என்று வீடு கட்டுகிறோமே, அதே வகைதான். லேட்டரைட் என்ற அறிவியல் பெயரே பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் மலபாரின் அங்காடிப்புரத்துக் கல்லை விவரித்தபோது பிறந்தது. வெயிலும் கனமழையும் மாறி மாறி வரும் நிலத்தில் மண்ணிலுள்ள கரையும் பொருள்களை மழை அடித்துப் போய்விடும். இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். அதுவே செம்புரை. நிலத்துக்கடியில் ஈரமாக இருக்கும்வரை இரும்புக் கருவியால் வெட்டலாம். வெளியே எடுத்துக் காயவிட்டால் இறுகிவிடும். காம்பியாவில் ஏழு டன் வரை எடையுள்ள ஒற்றைத் தூண்களை வெட்ட முடிந்தது இந்தக் குணத்தால்தான். நிலத்தின் மேல் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் செம்புரை கட்டி கட்டியாக உடையும். அதை மண் சேறு வைத்து அடுக்கினால் லொரோபெனியில் நிற்பதுபோன்ற மதில் எழும்.

கல்லுக்கு நடுவே இருப்பது சேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுவர்கள் ஏன் விழுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும்.

## கல்லுக்கு வயது சொல்வது எப்படி?

‘இந்தச் சுவர் 11-ஆம் நூற்றாண்டு’ என்று படித்தால், கல்லையே ஆய்வகத்துக்கு அனுப்பிச் சொன்னார்கள் என்று தோன்றும். அப்படிச் செய்ய முடியாது. பாறை உருவான காலத்துக்கும் மனிதன் அதைச் சுவரில் வைத்த நாளுக்கும் சம்பந்தமே இல்லை.

வயது சொல்வது கரித்துண்டு. உயிரோடு இருக்கும் மரம் காற்றிலிருந்து ரேடியோகார்பன் என்ற கதிரியக்கக் கரிமத்தைச் சிறிதளவு ஏற்றுக்கொண்டே இருக்கும். மரம் செத்ததும் ஏற்பு நிற்கிறது. உள்ளே இருப்பது சிதையத் தொடங்குகிறது. 5,730 ஆண்டுகளில் பாதி போய்விடும். ஆயிரம் ஆண்டில் போவது சுமார் 11 விழுக்காடு. மிச்சத்தை அளந்தால் மரம் எப்போது செத்தது என்று சொல்லலாம். விடை ஒற்றை ஆண்டாக வராது. சில பத்தாண்டுகள், சில வேளை நூறாண்டுக்கும் மேல் அகலமான ஒரு வீச்சாக வரும்.

கரி எங்கே கிடந்தது என்பது அதன் வயதைப் போலவே முக்கியம். சுவரின் அடிக்கல்லுக்குக் கீழே கிடந்த கரி, சுவர் அதற்குப் பின்தான் எழுந்தது என்று மட்டும் சொல்லும். எத்தனை காலம் பின்னால் என்று சொல்லாது. தரையின் மேல் அடுப்பில் கிடந்த கரி, அந்த அறையில் ஆள் வாழ்ந்த காலத்தைச் சொல்லும். சுவர் விழுந்த குவியலுக்கு மேலே கிடந்தால், அந்த நெருப்பு மூட்டும் முன்பே சுவர் விழுந்துவிட்டது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணின் வரிசைக்கு மண்ணடுக்கு என்று பெயர். மண்ணடுக்கு தெரியாத கரித்துண்டால் பயன் இல்லை.

இங்கேதான் பழைய தோண்டல்கள் பலவும் சறுக்கின. சுவரைக் கண்டுபிடித்ததும் அதை ஒட்டியே பள்ளம் வெட்டிக்கொண்டு போவார்கள். கட்டடத்தின் வரைபடம் வேகமாகக் கிடைக்கும், படமும் அழகாக வரும். ஆனால் சுவரும் தரையும் சந்திக்கும் ஓரம் அந்தப் பள்ளத்தோடு போய்விடும். சுவர் முந்தியதா தரை முந்தியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு பொறி, பழைய மரம். கட்டை அரிதான ஊரில் இருநூறு ஆண்டுப் பழைய உத்தரத்தைப் புது வீட்டிலும் போடுவார்கள். அதன் கரி வீட்டின் வயதைக் கூட்டிக் காட்டும். அதனால் தானியம், விதை போன்ற ஓராண்டு ஆயுள் உள்ளவற்றின் கரியைத் தேடி எடுப்பது நல்லது.

கரியோடு சேர்த்துப் பார்க்கும் சான்றுகளும் உண்டு. வட ஆப்பிரிக்காவின் மெருகு பூசிய மட்பாண்டம், கண்ணாடி மணிகள், இந்தியப் பெருங்கடலின் மாலத்தீவுச் சோழிகள் ஆகியவை எந்த அடுக்கில் முதலில் தலைகாட்டுகின்றன என்பது வணிகம் எப்போது வலுத்தது என்பதைச் சொல்லும்.

லொரோபெனிக்கு இந்த முறையில் கிடைத்த விடை: மதில்கள் குறைந்தது 11-ஆம் நூற்றாண்டுக்குப் போகின்றன, செழிப்பாக இருந்தது 14 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை, முழுதாகக் கைவிடப்பட்டது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்த வளாகத்தின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை.

## 1076: மண் திருத்திய ஒரு கதை

பல வரலாற்றுப் பாடநூல்களில் ஒரு வரி உண்டு: ‘1076-இல் அல்மோராவிதுகள் படையெடுத்துக் கானாவை அழித்தார்கள்.’ அல்மோராவிதுகள் என்போர் மேற்குச் சகாராவில் எழுந்து மொராக்கோவையும் ஸ்பெயினின் ஒரு பகுதியையும் ஆண்ட பெர்பெர் (வட ஆப்பிரிக்கப் பூர்வகுடி) முஸ்லிம் இயக்கத்தினர். 1054-55 வாக்கில் அவர்கள் அவுடகோஸ்ட் என்ற வணிக நகரைத் தாக்கியது உண்மை. அதை அல்-பக்ரியே எழுதியிருக்கிறார்.

ஆனால் 1076? அல்-பக்ரி 1068-இலேயே எழுதி முடித்துவிட்டார். 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய அல்-சுஹ்ரி, அந்த ஆண்டளவில் கானா மக்கள் இஸ்லாத்துக்கு வந்தார்கள் என்கிறார். படையெடுத்து வென்றார்கள் என்று சொல்லவில்லை. 1154-இல் புவியியலாளர் அல்-இத்ரீசி கானாவை வளமான, முஸ்லிம் அரசன் ஆளும் நாடாகவே வர்ணிக்கிறார். அடக்கி வரி விதித்த கதை 14-ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனில்தான் விரிவாக வருகிறது. டேவிட் கான்ராட், ஹம்ப்ரி பிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் 1982-இல் இந்த நூல்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்து, அப்படி ஒரு வெற்றிக்கு ஆதாரம் இல்லை என்று வாதிட்டார்கள்.

கும்பி சாலேயின் மண்ணும் அந்த வாதத்துக்கே சாய்கிறது. 1076-இல் ஊர் அழிந்திருந்தால் 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாம்பலும் வெறுமையும் கிடைக்க வேண்டும். கிடைத்தது நேர்மாறானது. கல் வீடுகள் மிகுதியாக எழுந்த காலமே 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகுதான். ஊர் 14-ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது. கானா அரசின் அதிகாரம் தேய்ந்தது வேறு கதை. வணிக வழிகள் கிழக்கே நகர்ந்தன, 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசு எழுந்தது, நிலம் வறண்டது. ஒரே நாளில் ஒரே படையால் முடிந்த கதை அல்ல.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கும்பி சாலேதான் கானாவின் தலைநகர் என்பது உறுதியான முடிவல்ல. ஊர்ப்பெயரைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. அல்-இத்ரீசி சொல்லும் கானா ஆற்றின் இரு கரையிலும் இருக்கிறது, கும்பி சாலேயிலோ ஆறே இல்லை. ‘தலைநகர் என்று கருதப்படும்’ என்பதே நேர்மையான வாசகம்.

## யார் கட்டினார்கள்?

வடக்கு நகரங்களில் அரபு, பெர்பெர் வணிகர்கள் தங்கியிருந்தார்கள். பள்ளிவாசலும், குர்ஆன் வாசகங்கள் தீட்டிய கற்பலகைகளும் கும்பி சாலேயில் கிடைத்திருக்கின்றன. இதை வைத்துக் கல்வேலையே வடக்கிலிருந்து இறக்குமதியானது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அந்த முடிவைத் தகர்ப்பது மொரித்தானியாவின் தீஷித் செங்குத்துச் சரிவுகள். கி.மு. 2000-க்கும் 500-க்கும் இடையே, அதாவது ஒட்டகமும் இஸ்லாமும் அங்கே வருவதற்கு நெடுங்காலம் முன்பே, உள்ளூர் மக்கள் காரையில்லாமல் கல்லை அடுக்கி நூற்றுக்கணக்கான ஊர்கள் கட்டி வாழ்ந்தார்கள். கம்பு பயிரிட்டதற்கான தடம் அவர்களுடைய மட்பாண்டத்தில் பதிந்திருக்கிறது. சோனின்கேக்களின் முன்னோரோடு இவர்களைத் தொடர்புபடுத்துவோர் பலர். எப்படியானாலும், அந்த நிலத்தில் கல் அடுக்கும் கை ஏற்கெனவே இருந்தது. வணிகர்கள் கொண்டுவந்தவை புதுத் தேவைகளும் சில புது வடிவங்களும்தான்.

லொரோபெனியில் கேள்வி வேறு விதமாக வந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் அங்கே நிர்வாகியாக இருந்த ஆன்ரி லபுரே 1920-இல் இந்த இடிபாடுகளை ஒரு புதிராக எழுதினார். சுற்றிலும் வாழ்ந்த லோபி மக்கள் மண்ணால் வீடு கட்டினார்கள், கல் மதிலைத் தாங்கள் கட்டவில்லை என்றும் சொன்னார்கள். உடனே வெளியிலிருந்து வந்த யாரோ கட்டியிருக்க வேண்டும் என்ற ஊகங்கள் கிளம்பின. ஆனால் லோபிகள் சொன்னது நேரான உண்மை. அவர்கள் கறுப்பு வோல்ட்டா ஆற்றைக் கடந்து அங்கே குடியேறியதே 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மதில்கள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தவை. அவர்களுக்கு முன் அங்கே இருந்த லோரோன், குலாங்கோ மக்களோடு கோட்டைகளை இணைப்பதே இன்றைய ஆய்வின் போக்கு. லோபி நிலத்துத் தங்கத்தை எடுப்பதும் பதப்படுத்துவதும் இந்த இரு மக்களின் கையில் இருந்தன. ‘இப்போது பக்கத்தில் வாழ்பவர் கட்டவில்லை’ என்பதிலிருந்து ‘ஆப்பிரிக்கர் கட்டவில்லை’ என்று தாவியதுதான் அன்று நடந்த பிழை.

## கல்லே இல்லாத பெருநகரம்

கல்லை மட்டும் தேடுபவர் தவறவிடுவது என்ன என்பதற்கு மாலியின் ஜென்னே-ஜெனோவைவிட நல்ல சான்று இல்லை. நைஜரின் வெள்ளச் சமவெளியில் கல் கிடையாது. அங்கே கி.மு. 250 வாக்கில் தொடங்கிய ஊர், கி.பி. 9-ஆம் நூற்றாண்டளவில் 33 ஹெக்டேர் நகரமாக வளர்ந்திருந்தது. சுற்றிலும் உருளை வடிவ மண் செங்கல்லால் கட்டிய இரண்டு கிலோமீட்டர் மதில். 1977-இல் சூசன் மெக்கின்டோஷும் ராடெரிக் மெக்கின்டோஷும் தோண்டத் தொடங்கும் வரை, மேற்கு ஆப்பிரிக்காவில் நகரங்கள் அரபு வணிகத்தால் பிறந்தவை என்றே பரவலாக எண்ணியிருந்தார்கள். ஜென்னே-ஜெனோ அந்த வணிகத்துக்குப் பல நூறு ஆண்டு முந்தியது.

கும்பி சாலேயின் இன்னொரு பாதியும் இப்படித்தான் மண்ணாகிப் போயிருக்கலாம். கானாவின் தலைநகர் இரண்டு ஊர்கள் என்கிறார் அல்-பக்ரி. பன்னிரண்டு பள்ளிவாசல்களுள்ள வணிகர் ஊர் ஒன்று. ஆறு மைல் தள்ளி, புனிதத் தோப்புகள் சூழ்ந்த அரசனின் ஊரான அல்-காபா இன்னொன்று. நடுவே இடைவிடாத குடியிருப்பு. வணிகர் ஊருக்குப் பொருந்துவது கிடைத்துவிட்டது. அரசனின் ஊர் இதுவரை கிடைக்கவில்லை. மண் வீடு கூரை இழந்தால் சில பத்து மழைக்காலத்தில் மேடாகிவிடும். நடந்துபோகிறவர் கண்ணுக்கு அது இயற்கை மேடு. ஆனால் அந்த மேட்டுக்குள் அடுப்பும் தரையும் குப்பைக்குழியும் அடுக்கு மாறாமல் இருக்கும். வரலாறு எழுத அவை கல்லைவிடக் கூடுதலாக உதவும்.

## நிற்கும் சுவர் ஏன் விழுகிறது?

லொரோபெனி போன்ற இடத்தில் சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். கூரை இருந்தவரை சுவரின் தலையில் மழை விழவில்லை. கூரை போனபின் தண்ணீர் மேலிருந்து இறங்கி இடையிலுள்ள சேற்றைக் கரைக்கிறது. உள்பக்கம் காலியாகிறது. வெளிக்கற்கள் பிடிமானமின்றி வயிறு தள்ளுகின்றன. ஒரு பருவத்தில் சரிகின்றன. முதலில் செய்ய வேண்டியது சுவரின் உச்சியில் தண்ணீர் தங்காதபடி மண் கலவையால் மூடுவதும், அடியில் தேங்கும் நீர் வடிய வாய்க்கால் எடுப்பதும்.

சிமெண்ட் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சிமெண்ட் கல்லைவிடவும் சேற்றைவிடவும் இறுக்கமானது. உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பின்னாலுள்ள சேற்றைக் கரைத்துக்கொண்டே இருக்கும். சிமெண்ட் பூச்சு மட்டும் முழுதாக நிற்க, அதன் பின்னால் சுவர் கூடாகிவிடும். எந்தச் சேற்றால் கட்டினார்களோ அதை ஒத்த சேறுதான் பழுது பார்க்கப் பொருத்தம்.

அடுத்தது மரம். லொரோபெனியின் மதில்களைப் பிளந்துகொண்டு மரங்கள் வளர்ந்திருக்கின்றன. வேரோடு பிடுங்கினால் வேர் பிடித்திருந்த கல்லும் கூடவே வரும். வெட்டிவிட்டு மறந்தாலும் ஆபத்துதான். செத்த வேர் சில ஆண்டுகளில் மக்கி, சுவருக்குள் பொந்தாகும். ஆகவே தண்டை மட்டும் சுவரை ஒட்டி அறுத்து, வேரை உள்ளேயே விட்டு, அது மக்க மக்க ஒவ்வொரு வறட்சிக் காலத்திலும் பொந்துகளில் சேறு ஊட்ட வேண்டும். பல ஆண்டு இழுக்கும் வேலை இது. சுவரைத் தாங்கி நிற்கும் மரமாக இருந்தால், சுவருக்கு வேறு முட்டுக் கொடுக்கும் வரை அதைத் தொடவே கூடாது.

விழுந்த கற்களை எடுத்து மறுபடி அடுக்கிவிடும் ஆசையையும் அடக்க வேண்டியிருக்கிறது. விழுந்த குவியல் எந்தத் திசையில் எவ்வளவு கிடக்கிறது என்பதிலிருந்துதான் சுவரின் பழைய உயரம் தெரியும். படமெடுத்து, அளந்து, எண்ணிட்ட பிறகே ஒரு கல்லை நகர்த்தலாம். தோண்டிய பள்ளத்தை மழைக்கு முன் மூடிவிடுவதும் இதே காரணத்தால்தான். திறந்து கிடக்கும் மண்ணடுக்கு ஒரே மழையில் கரைந்து போகும், அதைத் திரும்ப அடுக்க முடியாது.